கீசர் போட்டால் வீடே இருட்டாகிறது

கேள்வி: கும்பகோணத்தில் சொந்த வீடு, கட்டி 16 வருடம் ஆகிறது. சிங்கிள் பேஸ் இணைப்பு, ஏசி கிடையாது. நான் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏழு மாதம் முன்பு ஹாலில் பெயின்ட், மர வேலை எல்லாம் செய்தபோது பழைய பியூஸ் போர்டை எடுத்துவிட்டு டி.பி. பாக்ஸ் (ரூம்களுக்குக் கரண்ட் பிரியும் பெட்டி) வைத்து, கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். அன்றிலிருந்து கீசர் போட்டால் வீடு முழுக்க கரண்ட் போய்விடுகிறது. காயில் மாற்றினோம். பிறகு கீசரையே மாற்றினோம். பயனில்லை. அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு போட்டாலும் அதே கதை. லைட், ஃபேன், டி.வி.யால் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ராத்திரி எல்லாரும் தூங்கும்போது தானாகவே விழும். மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பி. வீக் என்று புதிது போட்டார். இரண்டாமவர் 300 மில்லி ஆம்பியர் போட்டால் விழாது என்றார். மூன்றாமவர் கரண்ட் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாதபடி பைபாஸ் செய்துவிட்டார். இரண்டு வாரமாக நிம்மதி. "பொட்டி வந்த பிறகுதான் இந்தத் தொல்லை" என்கிறாள் என் மனைவி. இப்படியே விட்டுவிடலாமா? இன்னொன்று: இப்போது சமையலறையில் இண்டக்ஷனும் ஓவனும் ஓடும்போது கெட்டில் போட்டால் அந்த ரூம் எம்.சி.பி. மட்டும் விழுகிறது. 16 ஆம்பியரை 32 ஆக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: சார், முதல் வேலையாக அந்த பைபாஸை எடுக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே. நாலு நாள் கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. வீடு முழுக்க இருட்டாவது ஒன்று, சமையலறை மட்டும் இருட்டாவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஆனால் இரண்டிலும் நீங்கள் ஒரே இடத்தில் வழுக்கியிருக்கிறீர்கள்: கடைசியாக எந்தச் சாமானைப் போட்டீர்களோ அதன் மேல் பழியைப் போட்டீர்கள். பாவம், ஒரு நல்ல கீசர் இதில் வேலை இழந்துவிட்டது. நீங்கள் மட்டுமில்லை, 31 வருடமாக நான் போகிற வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "தம்பி, மிக்ஸிதான் சார்ட் ஆகுது, பாருங்க."

முதலில் எது விழுகிறது என்பது. டி.பி. பாக்ஸில் வரிசையாக இருக்கும் ஒல்லியானவை எம்.சி.பி. அவற்றுக்கு முன்னால் இரண்டு மடங்கு அகலத்தில், முகத்தில் 'டி' (T, டெஸ்ட்) என்ற ஆங்கில எழுத்து போட்ட சின்னப் பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை. வயர் தாங்காத அளவுக்குப் போனாலோ, சார்ட் ஆனாலோ விழும். ஆர்.சி.சி.பி.க்கு அந்தக் கவலையே கிடையாது. அதன் மேல் 40 ஆம்பியர் என்று எழுதியிருப்பது, அதன் வழியாக அவ்வளவு கரண்ட் போகலாம் என்பதற்குத்தான். 60 ஆம்பியர் இழுத்தாலும் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும், கருகும்வரை. அது பார்ப்பது வேறு கணக்கு.

நீங்கள் கேஷியராக இருந்தவர், உங்களுக்குச் சொல்வது சுலபம். பேஸ் வயரில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். ஆர்.சி.சி.பி.க்குள் ஒரு வளையம் இருக்கிறது. இரண்டு வழியும் அதற்குள்தான் நுழைந்து போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் அந்த வளையத்துக்கு ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் குறைந்தால் உடனே தெரியும். சாயங்காலம் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு நொடியும் கேஷ் டேலி பார்க்கிற கவுன்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கிளையையே இழுத்துச் சாத்திவிடும். ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, அவ்வளவுதான். 15ஐத் தாண்டினாலே விழ அதற்கு அனுமதி உண்டு. 30ஐத் தொட்டால் விழுந்தே ஆகவேண்டும், அதுவும் 0.3 வினாடிக்குள்.

குறைந்த பணம் எங்கே போயிருக்கும்? சாதாரணமாக, பேஸிலிருந்து சாமானின் உடம்புக்கு இறங்கி எர்த்துக்குப் போயிருக்கும். கீசரில் இது நிறைய நடக்கும். கீசர் காயில் என்பது வெறும் கம்பியில்லை. நடுவில் சுருள் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி மக்னீசியம் ஆக்சைடு, வெளியே உலோகக் குழாய். உப்புத் தண்ணீர் ஊர்களில் குழாய் மேல் சுண்ணாம்பு படிந்து படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல், ஓர் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு வெடிக்கும். அதன் வழியாக ஈரம் உள்ளே போனால் அந்த மாவு கரண்டைக் கசியவிடும். அதனால் நீங்கள் முதலில் காயிலைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆனால் கீசர் புதிது. அயர்ன் பாக்ஸுக்கும் விழுகிறது, இண்டக்ஷனுக்கும் விழுகிறது. மூன்றும் மூன்று ரூமில். மூன்று நல்ல சாமான்களும் ஒரே வாரத்தில் கசிய ஆரம்பித்தன என்றால் நம்பும்படியாக இல்லை. அதே நேரம் லைட், ஃபேனுக்கு விழவில்லை. லோடு பெரிதாக இருந்தால் விழுகிறது, சின்னதாக இருந்தால் விழவில்லை, எந்த ரூம் என்பது முக்கியமேயில்லை. இதைப் படித்தவுடனேயே எனக்கு ஒன்று தோன்றியது: உங்கள் வீட்டில் எங்கேயோ நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இது எலக்ட்ரீஷியன்களையே ஏமாற்றும் கோளாறு. ஏனென்றால் நியூட்ரலைத் தொட்டால் சாதாரணமாக ஷாக் அடிக்காது, டெஸ்டர் வைத்தால் எரியாது, எம்.சி.பி. விழாது, கருகும் வாசனை வராது. நியூட்ரலும் எர்த்தும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் "கிட்டத்தட்ட"வில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அது நியூட்ரல் வழியாகத் தெருவில் இருக்கிற டிரான்ஸ்பார்மருக்குப் போக வேண்டும். அந்த வழிக்கு அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் வீட்டு நியூட்ரலில் நாலு வோல்ட்டுக்குச் சற்று மேல் நிற்கும். எர்த் வழியின் தடை 20 ஓம் என்றால், நியூட்ரல் எர்த்தைத் தொடுகிற இடத்தில் அந்த நாலு வோல்ட் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் மண்ணுக்குள் தள்ளிவிடும். ஆர்.சி.சி.பி. தாங்குவது 30. கீசர் சுவிட்சைத் தட்டிய நொடியே டப். அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் இதில் பாதி, அதற்கும் விழும். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் கசிவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். ஃபேன் போட்டால் எட்டோ என்னவோ. விழாது. என் எண்கள் உத்தேசம்தான், உங்கள் தெருவின் எண்கள் வேறாக இருக்கும். கதை இதேதான்.

உங்கள் பாஷையில் சொன்னால் பணம் களவு போகவில்லை. கவுன்ட்டர் வழியாக வர வேண்டியதில் கொஞ்சம் பின்வாசல் வழியாகப் போய்விட்டது. டேலி ஆகவில்லை, கிளை மூடப்பட்டது. கவுன்ட்டரை மாற்றி என்ன பிரயோஜனம்?

ராத்திரி தானாக விழுவதற்கும் இதில் பதில் இருக்கிறது. நியூட்ரல் உங்கள் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதில்லை, தெருவுக்கே பொது. எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில், மூன்று பேஸிலும் லோடு சமமாக இல்லாவிட்டால் தெரு நியூட்ரலே ஓரிரு வோல்ட் ஏறி நிற்கும். உங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கினாலும் ஃபிரிட்ஜும் ரெண்டு ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற ஆர்.சி.சி.பி.யைப் பக்கத்து வீட்டு ஏசி தள்ளிவிடுகிறது. இதை நான் வாடிக்கையாளர்களிடம் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்மேல் சண்டைக்குப் போவார்கள் என்று பயந்து பெரும்பாலும் சொல்வதில்லை.

இதே மாதிரி ஒரு வீட்டை மாயவரத்தில் பார்த்தேன். அங்கேயும் கீசர், அங்கேயும் மூன்று எலக்ட்ரீஷியன்கள். நான் நாலாவது. இரண்டு நாள் போர்டு போர்டாகக் கழற்றினேன். கடைசியில் சிக்கியது வாசல் காலிங் பெல் சுவிட்ச். ஆமாம், காலிங் பெல். அந்தப் பெட்டி பழைய இரும்புப் பெட்டி, எர்த் கொடுத்தது. சுவிட்ச் தகட்டை மாட்டிய ஸ்க்ரூ தேவைக்கு அரை அங்குலம் நீளம். திருகத் திருக உள்ளே போய், மடித்துத் திணித்திருந்த கறுப்பு நியூட்ரல் வயரின் தோலில் நகத்தால் கிள்ளியதுபோல ஒரு கீறல் போட்டிருந்தது. கீறலுக்குள் செம்பு மினுக்கியது, கடுகளவு. வயரை விரலால் நகர்த்தினேன், கீசர் ஓடியது. விட்டேன், விழுந்தது. நகர்த்தினேன், ஓடியது. வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து ஏழெட்டு தடவை இதைச் செய்து காட்டச் சொன்னார். ஸ்க்ரூவை மாற்றி வயரில் டேப் சுற்ற ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்த பெல்லை யாரும் அடிக்கவே வேண்டியதில்லை, சுவிட்ச் அணைந்தே இருந்தாலும் கோளாறு கோளாறுதான். ஏனென்றால் நம் வீட்டு சுவிட்ச் எல்லாம் பேஸை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரல் எந்நேரமும் சாமான்வரை போய் நின்றுகொண்டுதான் இருக்கும். டி.பி.யில் இருக்கும் ஒற்றை எம்.சி.பி.யும் அப்படித்தான். அதைக் கீழே தள்ளினால் அந்த ரூம் முழுக்கக் கழன்றுவிட்டது என்று நினைப்போம். பேஸ் கழன்றிருக்கும், நியூட்ரல் கழன்றிருக்காது. உங்கள் மூன்று எலக்ட்ரீஷியன்களும் எம்.சி.பி.யை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு "வயரிங் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கடிதத்தில் என் கண்ணைக் குத்திய ஒரு வரி. ஏழு மாதம் முன்பு ஹாலில் மர வேலை. டி.வி. பேனல், ஷோகேஸ், பூஜை அலமாரி, ஏதோ ஒன்றைச் சுவரில் டிரில் போட்டு ஸ்க்ரூ அடித்து நிறுத்தியிருப்பார்கள். உங்கள் வீட்டில் வயர் சுவருக்குள் பைப்பில் ஓடுகிறதென்றால், ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே கீழே எங்காவது டிரில் போட்டால் பைப்பைத் துளைக்க நிறைய வாய்ப்பு. ஸ்க்ரூ பேஸ் ஓடும் சிவப்பு வயரைத் தொட்டிருந்தால் அன்றைக்கே பட்டாசு வெடித்திருக்கும். கறுப்பு நியூட்ரலையும் பச்சை எர்த்தையும் மட்டும் சேர்த்துக் குத்தியிருந்தால் சத்தமே வராது. அதே வாரம் ஆர்.சி.சி.பி. வந்தது, அது காட்டிக்கொடுத்துவிட்டது. ஆகவே உங்கள் வீட்டம்மா சொல்வதில் தேதி சரி. ஆள்தான் தப்பு. நான் சொல்வது ஊகம்தான். ஆனாலும் வருகிறவரிடம் "ஹாலிலிருந்து ஆரம்பிங்க" என்று சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப இணைத்தபின், எதையும் கழற்றாமல் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது கணக்கில்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பிளக்கையே பிடுங்க வேண்டும். ஃபிரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின், வாட்டர் பியூரிஃபையர், மோடம், சார்ஜர் எல்லாம். ஈரக் கையோடு வேண்டாம், காலில் செருப்பு இருக்கட்டும். பிறகு அயர்ன் பாக்ஸை மட்டும் போடுங்கள். விழவில்லையா? நல்ல சகுனம். அயர்ன் பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள், சுவிட்ச் போடாமலே. எதைச் செருகியதும் விழுகிறதோ அதுதான் திருடன். அந்தச் சாமானுக்குள் நியூட்ரல் பக்கம் உடம்பைத் தொடுகிறது. அயர்ன் பாக்ஸ் நடுவில் சூடேறித் தானாக அணைந்து அணைந்து எரியும். அதன் விளக்கு எரிகிறபோது மட்டும் செருகுங்கள், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். எல்லாம் பிடுங்கியும் அயர்ன் பாக்ஸுக்கே விழுகிறது என்றால் கோளாறு வயரிங்கில், அல்லது பிளக் இல்லாமல் நேராகக் கொடுத்திருக்கும் ஏதோ ஒன்றில்: மோட்டார், எக்ஸாஸ்ட் ஃபேன், கேட் லைட், பெல்.

இன்னொரு சின்னச் சோதனை. கீசர் பாயின்ட்டிலோ வேறு பவர் பிளக்கிலோ ஒரு டேபிள் ஃபேன் போட்டுப் பாருங்கள். அந்த ஐம்பது வாட்டுக்கே ஆர்.சி.சி.பி. விழுந்தால் நான் இதுவரை சொன்னது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அப்போது, புது டி.பி. மாட்டியபோது பவர் பிளக் லைனின் பேஸை ஆர்.சி.சி.பி.க்குப் பிறகும், நியூட்ரலை அதற்கு முன்பும் இணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். போகும்போது கவுன்ட்டர் வழியாகப் போய், வரும்போது முழுக்கப் பின்வாசலில் வருவது. இன்வெர்ட்டர் மாட்டிய வீடுகளிலும், மேல் போர்ஷன் கீழ் போர்ஷனுக்குத் தனித்தனி ஆர்.சி.சி.பி. போட்ட வீடுகளிலும் இந்த நியூட்ரல் கலப்படம் சர்வசாதாரணம். அதைச் சரிசெய்ய டி.பி.க்குள் அரை மணி நேர வேலை போதும். ஃபேன் ஓடி, கீசருக்கு மட்டும் விழுந்தால் என் முதல் சந்தேகம்தான்.

இதற்கு மேல் எலக்ட்ரீஷியன் வேலை. டி.பி. மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். மெயினை அணைத்தாலும் மெயினுக்கு மேல் பக்கம் உயிரோடுதான் இருக்கும். வருகிறவரிடம் மெகர் (வயரின் தோல் கசிகிறதா என்று அளக்கும் கருவி) இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், டெஸ்டர் போதும்" என்றால் அவர் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர் ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவது. முழுசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் காட்டும், ஈரத்திலோ புகையிலோ உண்டான மெல்லிய கசிவு அதன் கண்ணில் படாது. மெகர் 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும். அவர் மெயினை அணைத்து, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்து (இதை மறந்து ஷாக் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்), நியூட்ரல் லிங்க்கில் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டையில்) இருக்கும் கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் நடுவில் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். எல்.இ.டி. பல்பு, டி.வி. எல்லாம் அதற்கு முன் கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 வோல்ட்டில் அவை போய்விடலாம். நல்ல வயர் ஒரு மெக் ஓமுக்கு மேல் காட்டும், பெரும்பாலும் அதைவிட மிக அதிகமாகவே. கோளாறு உள்ளது பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். எந்த வயர் என்று தெரிந்துவிட்டால் அந்த லைனின் நடு போர்டில் பிரித்து, இந்தப் பாதியா அந்தப் பாதியா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். பொறுமை வேலை. ஒரு நாள் கூலி கேட்டால் கொடுங்கள், நியாயம்.

சுவருக்குள் ஸ்க்ரூ குத்தியிருந்தால் அந்தத் துண்டு வயரை உருவிப் புதிது இழுக்கச் சொல்லுங்கள். "நியூட்ரலைத் துண்டித்துவிட்டு எர்த்தையே நியூட்ரலாகப் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். அப்படிச் செய்த வீட்டில் எர்த் லைன் எங்காவது விட்டுப்போனால் ஃபிரிட்ஜ் கதவே 230 வோல்ட்டில் நிற்கும்.

இப்போது பைபாஸ் விஷயம். வயது இருபது, நான் ஹெல்பராக இருந்தேன். ஒரு வீட்டில் இதே மாதிரி விழுந்துகொண்டேயிருந்தது. வீட்டுக்காரர் கத்தினார், மேஸ்திரி கண்ணைக் காட்டினார், நான்தான் என் கையால் பைபாஸ் வயர் போட்டேன். எல்லாரும் சந்தோஷமாகக் காபி குடித்தோம். இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டம்மா ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டு, தொட்டியில் மோதி மணிக்கட்டு முறிந்தது. கோளாறு பேஸ் பக்கம் இருந்திருக்கிறது. ஆர்.சி.சி.பி. அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் வாயை அடைத்துவிட்டோம். உங்கள் வீட்டுக் கோளாறு நியூட்ரல் பக்கம் என்று நான் நினைக்கிறேன், அது ஆளைக் கொல்லாது. ஆனால் பைபாஸ் ஆகியிருக்கும்வரை, நாளைக்கு வருகிற பேஸ் கசிவுக்கும் உங்கள் வீட்டில் காவல் இல்லை.

300 மில்லி ஆம்பியர் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அது விழாமல் இருக்கலாம்தான். 300 என்பது கசிவினால் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதற்கு. மனித உடம்பைக் காப்பாற்ற 30தான். பைபாஸை எடுத்த பிறகு அந்த 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்குங்கள், விழ வேண்டும். ஆறு மாதம் தொடாமலே இருந்தால் உள்ளே இறுகிப்போய், தேவைப்படும் அன்றைக்கு விழாமல் போகலாம். ஒரு கையில் பேஸையும் இன்னொரு கையில் நியூட்ரலையும் பிடித்தால் இந்தப் பொட்டியும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு டேலி சரியாகத்தான் இருக்கும்.

சமையலறைக்கு வருவோம், இது சின்ன விஷயம். இண்டக்ஷன் 2000 வாட், ஓவன் 2000 வாட் என்று வைத்துக்கொண்டால் 17 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். அதற்குள் ஓர் இரட்டை உலோகத் தகடு இருக்கிறது, சூடேறி வளைந்தால்தான் விழும். அந்தத் தகடு ஏற்கெனவே சூடாக இருக்கும்போது 1500 வாட் கெட்டிலும் சேர்ந்தால் மொத்தம் 24 ஆம்பியரை ஒட்டி வந்துவிடும். காலையில் முதலில் கெட்டில் போட்டால் விழாது, கடைசியில் போட்டால் விழும். பார்த்திருப்பீர்களே? முன்பெல்லாம் ஆர்.சி.சி.பி. முந்திக்கொண்டு விழுந்ததால் எம்.சி.பி.க்கு முறையே வரவில்லை, அவ்வளவுதான்.

16ஐ 32 ஆக்கவே கூடாது. அந்த எம்.சி.பி. காப்பாற்றுவது கெட்டிலை இல்லை, சுவருக்குள் இருக்கும் வயரை. உங்கள் வீட்டு வயசுக்கு அது 2.5 ஸ்கொயர் எம்.எம். வயராக இருக்கும். 32 ஆம்பியருக்கு அது சூடாகித் தோல் இளகும், எம்.சி.பி. பார்த்துக்கொண்டே நிற்கும். அதற்குப் பதில் டி.பி.யிலிருந்து 4 ஸ்கொயர் வயர் ஒன்றை இண்டக்ஷனுக்கென்றே தனியாக இழுத்து, தனி எம்.சி.பி. போட்டுவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வரும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம். அதுவரை கெட்டிலும் ஓவனும் ஒரே நேரத்தில் வேண்டாம். இண்டக்ஷனின் பெரிய பிளக்கைச் சின்னப் பாயின்ட்டில் செருக ஒரு கன்வெர்ஷன் பிளக் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாட்டியிருந்தால், அரை மணி நேரம் அடுப்பு ஓடியபின் அணைத்துவிட்டு அதன் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் அன்றோடு அதைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம், பழைய கீசரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டீர்களா? மாடியில் கிடந்தால் கொடுத்துவிடாதீர்கள். மெகர் கொண்டு வருகிறவரிடம் அதன் காயிலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் நல்ல ரீடிங் காட்டினால் மாடி பாத்ரூமில் மாட்டிக்கொள்ளலாம். காயில் வேறு புதுசு.